மூன்றாம் மாடிக்கு வந்த கட்டில்

“முதல்ல அந்தக் குப்பையைத் தூக்கி வெளியில போடு” என்றார் அப்பா. இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அவருக்குப் பின்னால் சுமைதூக்கும் ஆட்கள் இருவர் புத்தம்புதுக் கட்டிலைப் பாகம் பாகமாக ஒரே நடையில் மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். மாட்டி நிறுத்தும்போது ஒருவன் விசில்கூட அடித்தான்.

“பாத்தியா? அசல் தேக்கு. நம்ம ஆளுங்கன்னா யானை பலம்!” என்று தன் தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டார் அப்பா.

“பின்னே!” என்றாள் அத்தை. ஆமாம் போடுவதற்காகவே அவளைக் கூட்டி வந்திருந்தார்.

ஊரில் அவருக்குத் தேக்கு முதலாளி என்று பெயர். வாயைத் திறந்தால் தேக்கு, மூடினால் தேக்கு. தன் கடையில் வாங்காதவர்கள் எல்லாம் தரையில் படுத்துத் தூங்குகிறவர்கள் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

மகள் தன் காகிதக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் அது வெளியே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இது மூன்றாவது வீடு. பதினோரு மாதம் ஆனதும் வீட்டுக்காரர்களின் மகனுக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமாகிவிடும், உடனே காலி செய்யச் சொல்வார்கள். அதற்காகத்தான் அவளும் கணவனும் தேடிப் பிடித்து இந்தக் காகிதச் சாமான்களை வாங்கினார்கள். விசிறி போல மடித்து ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம். விரித்தால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். ஆயுள் முடிந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம். செய்வதும் பழைய காகிதத்தில்தான், ஒரு மரமும் சாக வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருந்தது. அப்பாவைக் கேட்காமல் அவள் வாங்கிய முதல் பொருள் அதுதான். படித்த படிப்பிலிருந்து கல்யாணப் புடவையின் நிறம் வரை எல்லாமே அவர் சொன்னது. இதையும் விட்டுக்கொடுத்தால், நாளைக்கு இந்த வீட்டில் எந்த ஜன்னலைத் திறப்பது என்றுகூட அவர்தான் சொல்வார்.

“காகிதத்துல கட்டில்! அப்போ தலகாணி என்ன, தபால் கவரா?” என்று அப்பா தொடங்கினார். “மாப்பிள்ளை தும்மினா ரெண்டு பேரும் சேர்ந்து பறந்துடுவீங்க. நாளைக்கு ஒரு குழந்தை பொறந்தா எதுல போடுவே, செருப்பு டப்பாவுலயா?”

அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா கூழாப் போயிடும். இதையும் நாலு எழுத்து படிச்சவன் நம்பி வாங்கறான் பாரு!”

“அவரை ஏம்பா இழுக்கறீங்க? எனக்குப் பிடிச்சுத்தான் வாங்கினேன்.”

“தேக்கு முதலாளி பொண்ணு அட்டைப்பெட்டியில படுக்குதுன்னு ஊரே சிரிக்குது. என் மானம் போகுது, உனக்குப் பிடிச்சிருக்காம்!”

“அண்ணன் சொன்னா கேளு கண்ணு” என்றாள் அத்தை. “என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் கல்யாணத்துக்கு அண்ணன் கடைக் கட்டில்தான் வாங்கிக் கொடுத்தேன். பரம்பரைக்கும் நிக்கும்.”

“ரெண்டு கட்டில் போட இங்க இடம் இல்லப்பா.”

“அதைத்தானே நானும் சொல்றேன். எழுந்திரு.”

பழக்கதோஷம். அந்தக் குரலைக் கேட்டதும் கால்கள் தாமாக எழுந்துவிட்டன. ஆட்கள் காகிதக் கட்டிலை மடித்துத் தூக்கியபோது அவளுக்கு அழுகை முட்டியது, அதைவிடத் தன் மீதே வெறுப்பாக இருந்தது. அழுவதை அத்தை பார்த்துவிடக் கூடாதே என்று ஈரத்துணியை எடுத்துவந்து, புதுக் கட்டிலின் மேலிருந்த தூசியைத் துடைக்கப் போனாள்.

“ஏய், ஏய்! ஈரம் படக்கூடாது!” அப்பா பாய்ந்து வந்து துணியைப் பிடுங்கினார். “தேக்குக்குன்னு ஒரு மரியாதை வேணாமா? காஞ்ச துணியால பட்டும் படாம தொடைக்கணும்.”

“எனக்கும் அப்படித்தான் சொன்னார்” என்றாள் அத்தை பக்தியோடு.

ஆட்கள் காகிதக் கட்டிலோடு வாசலைத் தாண்டப் போன நேரத்தில், எதிரே ஒரு பெண் வந்து நின்றாள். காகிதச் சாமான் கம்பெனியின் பச்சைச் சட்டை, அக்குளில் இடுக்கிய, மடித்து வைத்த காகிதப் புத்தக அலமாரி. போன வாரம் மகள் கேட்டிருந்தது அது.

“மேடம், அலமாரி மாட்ட வந்திருக்கேன். என்ன இது, கட்டில் எங்க போகுது? எதுவும் பிரச்சினையா?”

மகள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா, “சரி சரி, கடையில ஆள் இல்ல, நான் கிளம்பறேன்” என்றார். அரை மணி நேரமாகக் கழற்றாத செருப்பு இப்போது உதவியது. அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி, சுவரை ஒட்டியபடியே வாசல் பக்கம் நகர்ந்தார்.

சுமைதூக்கும் ஆட்கள் இருவரும் ஏனோ தரையைப் பார்த்தார்கள்.

பச்சைச் சட்டைக்காரி எட்டிப் பார்த்தாள். தெரிந்த முகத்தைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“அய்யா, நீங்களா! உங்க தேக்குக் கட்டிலுக்குள்ள வெச்சு மூடுற அட்டை லோடு நாளைக்குக் காலையில கடைக்கு வந்துடும்.”