சந்தனம் வைத்த சுவிட்ச்

“பெலிண்டா எங்கே?”

நிர்வாக அதிகாரி சிவசங்கர் போட்ட சத்தத்தில் சர்வர் ரூம் கண்ணாடியே அதிர்ந்தது.

“ஸ்ரீரங்கத்துல ஏதோ கிரகப்பிரவேசமாம் சார். தலையைக் காட்டிட்டு வந்துடறேன்னு போனாங்க” என்றாள் ஜோதி.

“இன்னிக்கா? டெஸ்ட் நடக்கிறப்பவா?”

“போனும் ஆஃப்ல இருக்கு சார்.”

ஜோதிக்கும் உள்ளுக்குள் பற்றிக்கொண்டுதான் வந்தது. தென்னூரில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் அத்தனை கம்ப்யூட்டர்களையும் இணைப்பவை இரண்டே பெட்டிகள். சுவிட்ச் என்று பெயர். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்; அது படுத்துவிட்டால் மற்றது அந்த நொடியே பொறுப்பை ஏற்க வேண்டும். ஏற்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்.

காலையில் முதல் சுவிட்சின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டாள் பெலிண்டா. “பாத்துக்க ஜோதி” என்று சொல்லி, ஹேண்ட்பேக்கை மாட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டாள்.

அவளுக்கு என்ன, சீனியர். மாசக் கடைசியோடு வீட்டுக்குப் போகப்போவது ஜோதிதானே. போன வாரம் சிவசங்கர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “இந்த வேலைக்கு ஒரு ஆள் போதும்னு பெலிண்டாவே சொல்லிட்டாங்கம்மா. நான் என்ன பண்றது?”

அன்றைக்கு எடமலைப்பட்டி புதூர் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள் ஜோதி. தினமும் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவள் இப்படியா கழுத்தை அறுப்பாள்?

ஆனாலும் போகிற நாள் வரைக்கும் வேலையில் ஒரு குறை சொல்ல விடக் கூடாது என்று அவளுக்கு ஒரு வீம்பு.

சிவசங்கரின் போன் அலறியது. கேட்டவர் முகம் வெளிறியது.

“லேப்ல நெட்வொர்க் இல்லையாம்! மத்த இடமெல்லாம் ஓடுது, லேப் மட்டும் செத்துக் கிடக்கு. ஐ.சி.யூ.வுக்கு ரிப்போர்ட் எப்படிப் போகும்? பழைய சுவிட்சையே திரும்பப் போடுங்க!”

“போட மாட்டேன் சார்.”

“என்னது?”

“இப்ப அதைப் போட்டா எல்லாம் சரியாயிட்ட மாதிரிதான் தெரியும். கோளாறு அப்படியே ஒளிஞ்சுக்கும். நிஜமாவே ஒரு நாள் அது படுத்தா, அன்னிக்கு யாரைப் போய்க் கேப்பீங்க? டெஸ்ட் முடியற வரைக்கும் ஐ.சி.யூ. ரிப்போர்ட்டை எல்லாம் போன்ல சொல்லச் சொல்லி முன்னாடியே ஏற்பாடு பண்ணியாச்சு. எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க.”

“நான் சொல்றேன், போடுங்க!”

“மாசக் கடைசியில போகப்போறவ சார் நான். இதுக்கு மேல என்னை என்ன பண்ணிடுவீங்க?”



ஜோதி இரண்டாவது சுவிட்சின் முன்னால் மண்டியிட்டாள். லேப்புக்குப் போகிற ஒயருக்கு மேலே இருக்கும் விளக்கு மட்டும் எரியவில்லை. ஒயரை உருவிவிட்டுத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே மஞ்சளாய், கெட்டியாய்க் காய்ந்துபோன சந்தனம்.

“ஆயுத பூஜை சார்” என்றாள்.

“அதுக்கென்ன இப்போ?”

“அன்னிக்கு ஒயர் தடுக்குதுன்னு உருவிட்டு, உங்க கையாலதான் கெட்டியாப் பொட்டு வச்சீங்க. அப்புறம் ஒயரைச் செருகிட்டீங்க. முதல் சுவிட்ச் ஓடிட்டே இருந்ததால இங்க விளக்கு எரியாததை நாங்களும் கவனிக்கலை.”

சிவசங்கரின் நெற்றியில் இன்றைக்கும் சந்தனம் இருந்தது. அதைத் துடைக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றார் மனிதர்.

ஜோதி ஒயரைப் பக்கத்துத் துளைக்கு மாற்றினாள். கீபோர்டில் கொஞ்ச நேரம் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. லேப்பிலிருந்து உடனே போன். “வந்திடுச்சு மேடம்!”

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள் பெலிண்டா. ஜோதியிடம் பட்ட அவமானத்தையெல்லாம் அவள்மேல் கொட்டினார் சிவசங்கர்.

“வாங்க மகராணி! விருந்து பிரமாதமா? நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். ஜோதி ஒருத்தங்களே போதும்!”

ஜோதியின் வேலை தப்பிவிட்டது. எந்த வார்த்தைக்கு ஒரு வாரமாக ஏங்கினாளோ, அதுவே அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் போதும். ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“போதாது சார்.”

“என்னம்மா?”

“ஒருத்தர் போதாது. நான் காய்ச்சல்ல படுத்தா யார் வந்து பாப்பாங்க? பெட்டியை மட்டும் ரெண்டு ரெண்டா வாங்கி வைக்கத் தெரியுதில்ல? அக்கா என்னை வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அதுக்காக நான் அவங்களை வேண்டாம்னு சொல்ல மாட்டேன். இருந்தா ரெண்டு பேரும் இருக்கோம். இல்லேன்னா, இந்தாங்க.”

தரையில் கிடந்த பிளக்கை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“முதல் சுவிட்ச் இன்னும் அணைஞ்சுதான் கிடக்கு. நீங்களே போட்டுக்குங்க.”

பிளக்கை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார் சிவசங்கர். பெலிண்டாவோ ஜோதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன்னை வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்?”

சிவசங்கர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீ இல்லாம முடியாதுன்னு ஒரு மாசமா இவரோட சண்டை போடறேன். ‘அதான் நீங்க இருக்கீங்களே’ன்னாரு. சரி, நான் இல்லாம ஒரு நாள் பாக்கட்டும்னுதான் போனை அணைச்சேன். ஸ்ரீரங்கமாவது, கிரகப்பிரவேசமாவது! இவ்வளவு நேரமும் இந்தக் கதவுக்குப் பின்னாலயேதான்டி நின்னுட்டிருந்தேன்.”