பள்ளத்துச் சாறு

மார்ச் மாத வெயிலில் பனி கண்ணைக் கூச வைக்கிறது. மேப்பிள் தோப்பின் சரிவில் நீலக் குழாய்கள் கம்பங்களில் கட்டப்பட்டு மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கின்றன. கடைசி வளையத்தை இடுக்கியால் இறுக்கிவிட்டு ஃபெர்னான் கையுறையைக் கழற்றுகிறான். மேலே கொட்டகையில், குழாய்க்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுகிற மோட்டார் உறுமுகிறது. பாகு காய்ச்சுவதற்காகப் பள்ளத்து மரங்களில் இறக்கிய இனிப்புச் சாறு, இடையிடையே காற்றுக் குமிழோடு, நடுங்கிக்கொண்டே மேலேறுகிறது. ஒடீல் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். போன வருஷம் இந்தச் சாற்றைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போதுதான் டிராக்டர் கவிழ்ந்து அவள் புருஷன் லூசியான் செத்தான். அது மோதிய மரத்தில் பட்டை உரிந்த இடம் இன்னும் வெளுப்பாகத் தெரிகிறது. “இனிமே அந்தப் பள்ளத்துல யாரும் கால் வைக்க வேண்டாம் அண்ணி,” என்கிறான் ஃபெர்னான். “குழாய் போட்டுடலாம்னு அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேன். சாறு மேட்டுல ஏறுமாடான்னு சிரிச்சாரு.”

ஏறிய சாறு பாதியில் தயங்கி, கீழே வழிகிறது. குழாயை எங்கோ அணில் கடித்திருக்கிறது. “எங்கன்னு பாத்துட்டு வரேன்,” என்று அவன் கிளம்புகிறான். “நீ எங்க பாக்கறது? காத்தை இழுக்கற ஓட்டையைக் காதாலதான் தேடணும். மெஷின் ரம்பத்துல மரம் அறுத்து அறுத்து உனக்குத்தான் காது போச்சே.” அவன் தலையைக் குனிந்துகொள்கிறான். ஒடீல் காதைத் தீட்டிக்கொள்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ மூச்சு இழுப்பது போல ஒரு சீறல், பட்டை உரிந்த அந்த மரத்தடியிலிருந்து வருகிறது. இடுக்கியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவள் பள்ளத்துப் பனியில் இறங்குகிறாள். இறங்க இறங்க அந்தச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வருகிறது.