சனிக்கிழமை வண்டி

போட்டோகிராபர் "சிரிங்க" என்று சொன்ன நேரம் பார்த்து, மூச்சுப்பேச்சில்லாத ஒரு காரைச் சுமந்துகொண்டு இழுவை லாரி ஷோரூம் வாசலில் வந்து நின்றது. புதுக் காரின் மேல் போர்த்தியிருந்த சிவப்புத் துணியைப் பிடித்தபடி நின்ற குடும்பம் மொத்தமும் சிரிப்பை மறந்து திரும்பிப் பார்த்தது. லாரிமேல் இருந்ததும் அவர்கள் வாங்கும் அதே எலக்ட்ரிக் மாடல், அதே நிறம்.

மேனேஜர் வாசலுக்கு ஓடினார். போன வாரமும் இதே காட்சியைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் புக்கிங்கை ரத்து செய்திருந்தது. இன்னொன்று போனால் திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார்.

"பார்த்து இறங்குங்க, அண்ணி" என்றார் லாரி ஓட்டிவந்தவர். காரின் சொந்தக்காரியான டீச்சர் இறங்கினாள். பின்னாலேயே அவளுடைய அப்பா இறங்கினார். ரிட்டயரான பஸ் டிரைவர். காரைக் கண்டால் தொட்டுவிடுவோமோ என்று பயந்தவர்போல இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"மேடம், கெஞ்சிக் கேக்கறேன். பின்வாசல் பக்கம் போயிடுங்களேன்" என்றார் மேனேஜர்.

"வாரண்டி வண்டின்னா சனிக்கிழமை மட்டும்தான், அதுவும் முன்வாசல்லதான் இறக்கணும்னு சட்டம் பேசினது யாரு சார்?"

பேசியது அவர்தான். போன கோடையில் இந்தக் கார் நடுரோட்டில் திடீரென்று படுத்துக்கொண்டபோது ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்பா. கதவு திறக்கவில்லை, கண்ணாடியும் இறங்கவில்லை. வெயிலில் வெந்துகொண்டிருந்தவரைக் கண்ணாடியை உடைத்துத்தான் வெளியே இழுத்தார்கள்.

"கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் காட்டல மேடம். பெரியவர் எதையோ அமுக்கியிருப்பார். இது பஸ் இல்லையே" என்று சொல்லி அன்று மேனேஜர் சிரித்தார். உடைந்த கண்ணாடிக்கு ஒரு பில், கருத்துப்போன தொடுதிரைக்கு ஒரு பில், சீக்கிரமே தேய்ந்த டயருக்கு ஒரு பில் என்று நீட்டவும் செய்தார். டீச்சர் எல்லாவற்றையும் கட்டிவிட்டாள். அந்தச் சிரிப்பை மட்டும் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க ஊரையே ஏற்றிக்கொண்டு ஓட்டிய மனிதர், அன்றிலிருந்து எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை.

காரை இறக்கினார்கள். மேனேஜர் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். வியர்த்துக் கொட்டிய முகத்தில் சில்லென்று குளிர் பட்டதும், இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிடலாமா என்றிருந்தது அவருக்கு.

சர்வீஸ் ஆள் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "கோளாறு எதுவும் காட்டல சார்."

"இதைத்தானேடா போன வருஷமும் சொன்னே" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

அதற்குள் புதுக் காரின் சொந்தக்காரராகப் போகிறவர் டீச்சரை நெருங்கிவிட்டார். "ஏம்மா, இந்த வண்டி அடிக்கடி இப்படிப் படுத்துக்குமா?"

"எனக்கென்னங்க தெரியும்? மேனேஜர் சாரையே கேளுங்க" என்றாள் டீச்சர், தேன் ஒழுக.

மேனேஜர் அவளைத் தனியே அழைத்துப் போனார். "என்னதான் வேணும், சொல்லுங்க. புது பேட்டரி போட்டுத் தரேன். கட்டின பணத்தையெல்லாம் திருப்பித் தரச் சொல்றேன்."

"பணம் யார் கேட்டா? தப்பு எங்கப்பா கையில இல்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க. இங்கேயே, எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

மேனேஜர் கணக்குப் போட்டார். சொன்னால் இந்த ஒரு விற்பனை போகும், சொல்லாவிட்டால் சனிக்கிழமைகள் எல்லாமே போகும். மெல்ல நடந்து பெரியவர் எதிரே போய் நின்றார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. உங்க மேல தப்பே இல்ல. வண்டிலதான் கோளாறு."

"சரியா கேக்கல சார்" என்றாள் டீச்சர்.

"வண்டிலதான் கோளாறு" என்றார் மேனேஜர், ஷோரூம் முழுக்கக் கேட்கும்படி. சிவப்புத் துணியைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக அதை விட்டன. போட்டோகிராபர் கேமராவை மூடினார்.

பெரியவர் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய்க் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கார் சத்தமே இல்லாமல் கிளம்பி, வாசலை அழகாக ஒரு சுற்று சுற்றி, மேனேஜரின் காலருகே வந்து நின்றது.

"மேடம், வண்டி... ஓடுதே?"

"மழைக்காலத்துல ஒரு சாப்ட்வேர் அப்டேட் அனுப்பினீங்களே சார், அதுலேர்ந்தே நல்லாத்தான் ஓடுது" என்றாள் டீச்சர். "வாரா வாரம் உங்க தெருமுனை வரைக்கும் நான்தான் ஓட்டிட்டு வருவேன். அங்கதான் எங்க கொழுந்தன் லாரியில ஏத்திப்பார்."

கார்க் கண்ணாடி மெல்ல இறங்கியது. பெரியவர் தலையை நீட்டி, சிரிக்காமல் சொன்னார்.

"நான் எதையோ அமுக்கிட்டேன் போலிருக்கு, தம்பி."