கையளவு டாங்கி

லொறிச் சத்தம் கேட்டாலே என் மனைவி தவமலர் இன்றைக்கும் கட்டிலுக்கடியில் பதுங்குவாள். சண்டைக்காலத்தில் எங்கள் வீட்டு வளவுக்குள் புகுந்த இராணுவ டாங்கியைக் கையளவாக்கிக் காட்டினால் பயம் தெளியும் என்று நினைத்தேன். நான் மூட்டை தூக்கும் கடையில், துண்டுகளை ஒட்டிச் செய்யும் டாங்கிப் பொம்மைப் பெட்டியொன்று விலைபோகாமல் வருசக்கணக்காய்க் கிடந்தது; அதை எடுத்து வந்தேன். பசை கல்லாகியிருந்தது. சில்லுகளைச் சுற்றியிருந்த ரப்பர்ச் சங்கிலி தொட்டதும் உதிர்ந்தது. அதற்குப் பதிலாய்ச் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். சேறுபோலத் தெரியத் தேயிலைச் சாயம் பூசினேன்.

பக்கத்து வீட்டு இரத்தினம் பார்த்துவிட்டு, "அண்ணை, அச்சு அசல்! இனி ஓடுறதுக்கு லைசென்ஸ் எடுங்கோ" என்றான்.

தவமலரைக் கூப்பிட்டு, அதைத் தரையில் வைத்தேன். "இஞ்ச பாரப்பா, இவ்வளவுதான். காலால தட்டினா விழுந்திடும்."

அவள் சிரிக்கவில்லை. டாங்கிக்கு முன்னால் மெல்லப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்தாள். அன்று உண்மையான டாங்கி எங்களைக் கடந்து போனபோது பதுங்குகுழி வாயிலிருந்து அவள் பார்த்துக் கிடந்ததும் அப்படித்தான்.

"இதிலயிருந்து பாருங்கோ," என்றாள். "அதே உசரம்தான்."

நானும் அவளருகில் படுத்தேன். தட்டிவிட எட்டும் தூரம்தான். கை வரவில்லை.