பழகிய கல்

பெர்லின் கருத்தரங்குக்குக் கிளம்பும் மனைவி திலகவதியின் பெட்டியில், சேலைகளுக்கு நடுவே வீட்டுத் தோசைக்கல் இருப்பதைப் பார்த்துச் சேதுராமன் திகைத்தார். அவள் தங்கப்போவது பேராசிரியர் ஹெல்காவின் வீட்டில். ஹெல்காவுக்கென்று சேதுராமன் வாங்கிவந்த சந்தனமர யானை பொம்மை மேசைமேலேயே நின்றது.

"கட்டுரை வாசிக்கப் போறியா, கடை போடப் போறியா?"

"ரெண்டுக்கும்தான். பொங்கலுக்கு வந்தப்போ ஹெல்கா நம்ம அடுப்படியில ஆசையா தோசை சுடக் கத்துக்கிட்டாங்க. அங்க புதுக் கல்லுல ஊத்துனா ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குதாம்."

"அதுக்கு நம்ம கல்லா? நீ வர்ற வரைக்கும் நான் என்ன பண்றது?"

அழைப்பு வந்த நாளிலிருந்து அவர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். போன வருடம் இதே கேள்விக்காக லிஸ்பன் பயணத்தையே விட்டுக்கொடுத்தவள் அவள்.

"புதுசு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்ச்சு நீங்களே பழக்குங்க."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. பெட்டியைத் தூக்கிய சேதுராமனுக்குக் கல்லின் கனத்தில் கை இறங்கியது.

"கல்லு போகட்டும். கருத்தரங்கு முடிஞ்சதும் நேரா வந்துடுவேல்ல?"

"முதல் தோசை ஒட்டாம வந்ததும் போன் பண்ணுங்க," என்றபடி திலகவதி காரில் ஏறினாள். "திரும்பி வர டிக்கெட் போடுறேன்."