ஈரம் காயட்டும்

புல்லில் ஈரம் காயட்டும் என்று தங்கை பஞ்சாரக் கூடையைத் தூக்காமல் கவிழ்த்தே வைத்திருந்தாள். பனியில் நனைந்தால் கினிக்கோழிக் குஞ்சு விறைத்துச் செத்துவிடும்.

உள்ளே பதினேழு குஞ்சுகள். இரண்டு பெட்டைகள் ஒரே புதரில் முட்டையிட்டு, மாறி மாறி அடைகாத்துப் பொரித்தவை. இரண்டும் இப்போது பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன.

முதல் பஸ்ஸில் நான் வந்து இறங்கியதிலிருந்து தங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கினாள். அடுப்பில் வைத்த பாலை மறந்தாள், பொங்கி வழிந்தது. நானும் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன்.

"ரெண்டு பேரும் ஏன் கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்ட மாதிரி அலையறீங்க?" என்றாள் வாலு. அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். நேற்றோடு ஏழு வயது முடிந்திருந்தது.

வெயில் ஏறியதும் பஞ்சாரத்தைத் தூக்கினோம். குஞ்சுகள் கொட்டிய கடுகாகச் சிதறின. சேவல் மதில்மேல் ஏறிக் காவல் நின்றது.

கொஞ்ச நேரம்தான். தகரத்தில் கல்லை உருட்டியது போல் சேவல் கத்தியது. பருந்தின் நிழல்.

குஞ்சுகள் எந்த இறக்கை பக்கத்தில் இருந்ததோ அதற்குள் புகுந்தன. ஒன்று மட்டும் நடு வெளியில் மாட்டிக்கொண்டது. வாலு ஓடிப்போய் அதன்மேல் கவிழ்ந்து படுத்தாள்.

பருந்து மேலே போய்விட்டது. சேவல் விடவில்லை. அதற்கு அவளும் எதிரிதான். முதுகில் பாய்ந்து கொத்தியது.

நான்தான் அருகில் இருந்தேன். சேவலை விரட்டிவிட்டு அவளை வாரித் தூக்கினேன். காதோரம் ரத்தம். கைக்குள்ளிருந்த குஞ்சு குதித்து ஓடியது.

அவள் என் தோளுக்கு மேலாக இரண்டு கைகளையும் நீட்டி, "அம்மா" என்று அழுதாள்.

ஓடி வந்த தங்கை இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். கையை நீட்டவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

நான் அவளைக் கொடுத்தேன்.

காயத்தைக் கழுவி மருந்து போட்டதும், அழுகையை மறந்து குஞ்சுகளை எண்ண ஓடிவிட்டாள் வாலு.

இப்படிக் கொடுப்பது எனக்கு இரண்டாம் முறை. முதல் முறை அவளுக்குப் பதினோரு நாள். நான் காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். உடம்பு தேறித் திரும்பியபோது அவள் தங்கையை அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். ஏழு வயது முடியட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம்.

"அக்கா, இன்னிக்குச் சொல்லத்தானே வந்தே?" என்றாள் தங்கை, கையிலிருந்த பஞ்சைக் கிள்ளிக்கொண்டே.

"குஞ்சு பொரிச்சிருக்குன்னு சொன்னியே," என்றேன். "பாக்கலாம்னு வந்தேன்."