தலைக்கு மேல் போன வெட்டுக்கிளி

ரயில் ஓடாத தண்டவாளக் கட்டைகளின் மேல் தவளையும் வெட்டுக்கிளியும் பயணம் போயின. தவளை ஒரு தாவலில் ஆறு கட்டை போகும், வெட்டுக்கிளி நான்கு. பன்னிரண்டு கட்டைக்கு ஒருமுறை இரண்டும் ஒரே கட்டையில் இறங்கும். அங்கே உட்கார்ந்து தவளை தன் கதையில் கொஞ்சம் சொல்லும்.

மீதிக் கதைக்கு வெட்டுக்கிளியால் காத்திருக்க முடியவில்லை. "இனிமே அஞ்சு அஞ்சா தாவறேன். சீக்கிரம் சந்திச்சுடலாம்."

அடுத்த பன்னிரண்டாம் கட்டையில் தவளை காத்திருந்தது. வெட்டுக்கிளி பத்தில் இறங்கி, தவளையின் தலைக்கு மேலாகப் பதினைந்துக்குப் போய்விட்டது. தவளை பதினெட்டுக்கு வந்தபோது அது இருபதில் இருந்தது. முப்பதில்தான் இரண்டும் மூச்சிரைக்க ஒன்றாக உட்கார்ந்தன.

"நான் வேகமாத்தானே வந்தேன்?" என்றது வெட்டுக்கிளி.

"வேகமாத்தான் வந்தே. என் தலைக்கு மேலே வந்தே. சரி, கதையைக் கேளு."

வெட்டுக்கிளி காலை உதறிக்கொண்டே இருந்தது. "அப்ப அஞ்சு பத்தலை. ஏழா தாவறேன். அடுத்த தடவை மொத்தமா கேட்டுக்கறேன்" என்று கிளம்பிவிட்டது.

தவளை முன்னால் பார்த்து எண்ணியது. அங்கிருந்து நாற்பத்திரண்டாவது கட்டை வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.